வலப்பக்கத்து லைட்

ஜூன் 3, செவ்வாய்

இந்த டைரி எலக்ட்ரிக்கல் கடையில் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. ஒரு பக்கம்கூட எழுதவில்லை. அவருக்கு எழுதுகிற பழக்கம் கிடையாது. அலமாரிக்கு மேலே கிடந்ததை இன்று எடுத்துத் துடைத்தேன்.

எழுதச் சொன்னவள் அவள்தான். சுகந்தி மேடம். வீட்டுக்குள்ளும் வெளியிலும் எங்கே எந்த லைட் வைப்பது என்று வரைந்து கொடுப்பது அவள் வேலை. வரைந்ததை மாட்டிக் கொடுப்பது என் வீட்டுக்காரர் வேலை. பல வருசம் அப்படித்தான் போனது. விடிந்தால் அங்கே போவார், விளக்கு வைத்த பிறகு இங்கே வருவார்.

அவருடைய காரியம் முடிந்த மறுவாரம் வீட்டுக்கு வந்தாள். காபி குடிக்கவில்லை. "அக்கா, ஆபீசுக்கு வாங்க. லைட் டிசைன் கத்துக்குங்க. வீட்டுல தனியா உக்காந்து ரவிக்கைக்குக் கொக்கி தச்சிட்டே இருக்காதீங்க" என்றாள்.

இன்று போனேன். கற்றுக்கொள்ளப் போகவில்லை. பார்க்கத்தான் போனேன். பகலெல்லாம் அவர் இருந்த இடம் எப்படி இருக்கும், அவள் அவரிடம் எந்தக் குரலில் பேசியிருப்பாள் என்று பார்க்க வேண்டும். அவருடைய கடைசித் தண்ணீரைக் கொடுத்தவள் அவள். வடவள்ளியில் ஒரு டாக்டர் வீட்டில் ஏணியிலிருந்து இறங்கி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தாராம். அவள் கையால்தான் இரண்டு மடக்கு குடித்தார். நான் அப்போது இங்கே ரேஷன் கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

"தினமும் ஏதாச்சும் ஒரு வெளிச்சத்தப் பாருங்க. அது எப்படி விழுதுன்னு நாலு வரி எழுதுங்க. அதுதாங்க்கா மொதப் பாடம்" என்றாள்.

எட்டாவதோடு நின்றவள் நான். நொட்டாங்கையில் எழுதுகிறேன் என்று கணக்கு வாத்தியார் விரல் முட்டியில் அடிப்பார். இப்போது அடிக்க ஆளில்லை. ஆனால் எழுத எழுத உள்ளங்கை ஓரமெல்லாம் மை.

ஜூன் 4, புதன்

பார்த்த வெளிச்சம் ஒன்றுமில்லை. உளுந்து ஊறப்போட்டேன்.

ஜூன் 9, திங்கள்

பீளமேட்டுக்கு பஸ்ஸில் கூட்டம். ஆபீசில் எனக்கு ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். லோகு சொன்னான், "அண்ணன் உக்கார்ற ஸ்டூலுங்கக்கா அது." லோகு அவருடன் லைட் மாட்டியவன், கல்யாணமாகி இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். நல்லவன். ஆனால் அதை ஏன் சொன்னான்? நாள் முழுக்க அதில் சரியாக உட்கார முடியவில்லை.

இன்று வெள்ளையும் மஞ்சளும். வெளிச்சத்தில் சூடான நிறம், குளிர்ந்த நிறம் என்று உண்டாம். படுக்கிற அறை, சாப்பிடுகிற இடத்துக்கெல்லாம் மஞ்சள். வேலை செய்கிற இடத்துக்கு வெள்ளை. அவள் ஒரே கத்தரிக்காயை இரண்டு லைட்டுக்குக் கீழே மாற்றி மாற்றி வைத்துக் காட்டினாள். வெள்ளையில் அது நேற்றுப் பறித்தது மாதிரி இருந்தது. மஞ்சளில் இப்போது பறித்தது மாதிரி.

"நாச்சிமுத்தண்ணன் சொல்வாரு, மஞ்ச லைட்டுல உக்காந்து புருசன் பொண்டாட்டி சண்ட போட முடியாதுன்னு" என்று சிரித்தாள்.

என்னிடம் அவர் அப்படி ஒன்றும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் ட்யூப்லைட்தான். வெள்ளை. நாங்கள் நன்றாகவே சண்டை போட்டோம்.

அண்ணன் என்று கூப்பிடுகிறாள். கூப்பிட்டுவிட்டால் ஆயிற்றா?

ஜூன் 10, செவ்வாய்

காலையில் நங்கையா வந்தாள். அவருடைய அக்கா, அடுத்த வீதிதான். இட்லி வைத்தேன்.

"ஏம்புள்ள, இத்தன வருசமாச்சு, இன்னும் அந்தக் கையிலயே சட்னி ஊத்தற."

"கரண்டிதானுங்க நங்கையா ஊத்துது."

"வாய் மட்டும் கொறையல." தின்றுவிட்டுச் சொன்னாள், "அவ எதுக்கு உன்னையக் கூப்பிட்டு வெச்சிருக்கறா? எதையாச்சும் மறைக்கறதுக்கு இருக்கும். பாத்து இருந்துக்க."

மறைக்க என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. இன்னும் ஒரு இட்லி வைத்தேன்.

ஜூன் 14, சனி

சரவணம்பட்டியில் புது வீடு. ஹாலே எங்கள் வீட்டைப்போல மூன்று மடங்கு. இன்னும் பெயின்ட் வாசம் போகவில்லை. லோகு நடு ஹாலில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டான். எனக்குப் பகீரென்றது.

"பயந்துட்டீங்களா அக்கா? கட்டில், சோபா எங்க வருதோ அங்க படுத்துப் பாக்கோணும். நின்னு பாத்தா தெரியாது. படுத்தாத்தான் லைட்டு கண்ணுல குத்துதான்னு தெரியும். அண்ணன் சொல்லிக் குடுத்தது. கொழந்தைக்குத் தொட்டில் கட்டற வீடுன்னா தொட்டிலுக்கு அடியில தலைய விட்டுப் பாப்பாரு."

யார் வீட்டுக் குழந்தைக்கோ தொட்டிலுக்கு அடியில் தலையை விட்டவர். எங்களுக்குத் தொட்டில் கட்டும்படி ஆகவில்லை. சரி. ஆனால் எனக்காக ஒரு நாள் படுத்துப் பார்த்தாரா?

திரும்பி வரும்போது அவள் மேஜையைக் கவனித்தேன். ஒயர் தெரியாமல், பல்பும் தெரியாமல், காகிதத்தின் மேல் மட்டும் பால் ஊற்றியது மாதிரி வெளிச்சம். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"எழுதற மேஜைக்கு லைட்டு எடது பக்கத்துல இருந்து வரணும்க்கா. அப்பத்தான் கை நிழல் எழுத்து மேல விழாது. காய் நறுக்கற மேடைக்கும் அப்படித்தான். இது அண்ணன் மாட்டுனது. நாலு தடவ கழட்டி மாத்துனாரு."

நாலு தடவை.

வீட்டுக்கு வந்து என் சமையல் மேடையைப் பார்த்தேன். பாத்திர அலமாரிக்குக் கீழே ஒரு பல்பு, வலது பக்கமாக. ஒயர் சுவரில் பல்லி மாதிரி வளைந்து போகிறது. நான் உட்கார்ந்து கொக்கி தைக்கிற மூலையிலும் ஒரு பல்பு, அதுவும் வலது பக்கம். மாட்டின அன்றே, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று சொன்னேன். "இருக்கட்டும், இரு" என்றார். அவ்வளவுதான்.

அங்கே சரியான பக்கம். இங்கே எது கைக்கு வந்ததோ அந்தப் பக்கம்.

ஜூன் 15, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். யாரிடமும் பேசவில்லை.

ஜூன் 21, சனி

தோட்டத்து லைட். சாயங்காலம் இருட்டத் தொடங்கியதும் சரவணம்பட்டி வீட்டு வாசலில் நின்றோம். மரத்துக்குக் கீழே ஒரு லைட்டை மேலே பார்க்க வைத்தால், வேப்பமரம் கோயில் கோபுரம் மாதிரி எழும்புகிறது. நடக்கிற பாதைக்கு முழங்காலுக்குக் கீழேதான் லைட், நிலத்தைப் பார்த்தபடி. வெளிச்சம் தெரிய வேண்டும், பல்பு தெரியக் கூடாது.

என்னையே ஒரு லைட்டை வைக்கச் சொன்னாள். சுவருக்கு வெளிச்சம் விழட்டும் என்று நினைத்து கேட்டுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டேன். அவள் கேட்டுக்கு வெளியே போய் உள்ளே வந்தாள், கண்ணை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"அக்கா! பொண்ணு பாக்க வர்ற மாப்பிள வீட்டுக்காரங்க அப்படியே திரும்பிப் போயிருவாங்க!"

லோகு விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போன பிறகு முதல் தடவை. அவளோடு சேர்ந்து சிரித்தோமே என்று பஸ்ஸில் வரும்போது உறுத்தியது. இறங்குகிற வரை உறுத்தியது.

இன்று பார்த்த வெளிச்சம்: வேப்பமரம். அவள் சொன்னதற்காக எழுதவில்லை. நன்றாக இருந்தது.

ஜூன் 27, வெள்ளி

கொக்கி வைக்க ஒரு கட்டு ரவிக்கை வந்திருக்கிறது. தைத்துக்கொண்டே நினைத்தேன். அவருக்குச் சாம்பாரில் வெந்தயம் பிடிக்கும், தூங்கும்போது ஒரு காலை நீட்டி ஒரு காலை மடக்குவார், மழை வந்தால் தும்முவார். இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததில் பாதி எனக்குத் தெரியாது. எந்தப் பாதி பெரிது?

ஜூலை 2, புதன்

லோகுவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். மேடையில் இருக்கிற பல்பையும் தைக்கிற மூலை பல்பையும் கழற்றிவிட்டு, மேடம் மேஜையில் இருப்பது மாதிரி இடது பக்கம் பட்டை லைட் போடச் சொன்னேன்.

அவன் ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"அண்ணன் போட்டதுங்களே அக்கா."

"தெரியும்."

"இல்லீங்க... நல்லாத்தான எரியுது?"

"ஊருக்கெல்லாம் சரியான பக்கத்துல போட்டாரு. என் வீட்டுக்கும் சரியான பக்கத்துல இருக்கட்டும். நீ கழட்டு."

கழற்றினான். பழைய பல்புகளையும் ஒயரையும் ஒரு பையில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்துவிட்டான், நான் தூக்கிப் போடச் சொல்லியும். புது லைட் அழகாக இருக்கிறது. ஒயர் தெரியவில்லை. பழைய ஆணித் துளை மட்டும் சுவரில் இரண்டு கண் மாதிரி.

நங்கையா வந்து பார்த்துவிட்டாள். "எந்தம்பி கை வெச்சதையெல்லாம் புடுங்கிப் போட்டுட்டியா?" என்று ஒரு மூச்சு அழுதாள். நான் அழவில்லை. எனக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது. யார் மேல் என்று தெரிந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன்.

ஜூலை 3, வியாழன்

பீன்ஸ் நறுக்கும்போது விரலில் வெட்டு. கத்தியைச் சாணை பிடித்தது தப்பு.

ஜூலை 7, திங்கள்

கொக்கி வைத்த ரவிக்கைகளில் பாதியைக் கடைக்காரம்மா திருப்பி அனுப்பிவிட்டாள். வரிசை கோணலாம். என்னுடைய தையலில் இப்படி ஒரு பேச்சு வந்ததே கிடையாது. பிரித்துத் தைத்தேன். மறுபடியும் கோணல். ஊசி போகிற இடம் மங்கலாகத் தெரிகிறது.

ஜூலை 9, புதன்

கண்ணாடிக் கடைக்குப் போய்க் கண்ணைச் சோதித்தேன். நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அழுது அழுது மங்கிவிட்டது என்று நங்கையா சொல்கிறாள். அவள் முன்னால் நான் எப்போது அழுதேன்?

ஜூலை 12, சனி

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். இல்லையென்றால் தூக்கம் வராது.

திருப்பூர் ரோட்டில் ஒரு கல்யாண ரவிக்கைக் கடை. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, உட்கார்ந்து ஜரிகை வேலை செய்கிற பெண்களுக்கு ஒரு அறை. அந்த அறைக்கு என்னையே வரையச் சொல்லியிருந்தாள். நானே முழுசாக வரைந்த முதல் அறை. எல்லா இருக்கைக்கும் இடது பக்கத்திலிருந்து லைட், பல்பு கண்ணில் படாமல், வெள்ளை நிறம். லோகு நேற்று மாட்டி முடித்துவிட்டான்.

இன்று காலை நாங்கள் மூன்று பேரும் போனோம். பெண்கள் இன்னும் வேலைக்கு வரவில்லை.

"நல்லாருக்குங்க்கா" என்றாள் சுகந்தி மேடம். "சரி, உக்காந்து பாருங்க. படுக்கற எடத்துல படுத்துப் பாக்கற மாதிரி, தைக்கற எடத்துல தச்சுப் பாக்கணும்."

சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஊசியை எடுத்துத் துணியில் குத்தினேன். என் கை நிழல் நேராக ஊசி முனையின் மேல் விழுந்தது. கையை நகர்த்தினேன். நிழலும் நகர்ந்தது. எழுந்து அடுத்த இடத்தில் உட்கார்ந்தேன். அங்கேயும் அதே.

எனக்கு அழுகை முட்டியது. "தப்பாப் போட்டுட்டேனுங்க மேடம். எடது பக்கம்னு நீங்க சொன்னபடிதான் வரஞ்சேன். நிழல் விழுதே!"

அவள் என் பக்கத்தில் வந்து குனிந்தாள். துணியைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க எடது கையா?"

இத்தனை நாள் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன். பேனாவைப் பிடித்திருக்கிறேன். அவளுக்குத் தெரியவே தெரியாது.

"ஆமாங்க."

"அறை சரியாத்தான் இருக்கு. சோத்தாங்கைல தைக்கறவங்களுக்கு எடது பக்கம். உங்களுக்கு வலது பக்கத்துல இருந்து வரணும். அப்பத்தான் நிழல் அந்தாண்ட போகும்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு நாள் அண்ணன் எம்மேஜைக்கு லைட்டு மாட்டிட்டிருந்தாரு. நாலு தடவ கழட்டி மாட்டுனாருன்னு சொன்னனில்ல? அது எனக்காக இல்லீங்க்கா. நான் மொதத் தடவயே சரின்னுட்டேன். அவருதான் வலது பக்கம் மாட்டுவாரு, என் நாற்காலில உக்காந்துட்டு எடது கைல பேனாவப் புடிச்சுப் பாப்பாரு, கழட்டுவாரு. கொஞ்சம் ஏத்தி மாட்டுவாரு, மறுபடி பாப்பாரு. 'எடது கைக்காரங்களுக்கு எவ்வளவு ஒயரத்துல வெக்கோணுமுங்க மேடம்?'னு கேட்டாரு. எந்தக் கஸ்டமருக்குன்னு கேட்டேன். சிரிச்சுட்டே, 'ரொம்பக் கறாரான கஸ்டமருங்க, ஒயரு தெரிஞ்சா திட்டும்'னாரு."

லோகு ஏணியின் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

நான் கழற்றச் சொன்னதை அவன் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவள் சொன்னாள், "எங்க வீட்டுல லைட்டெல்லாம் நானே போட்டுக்கிட்டதுதாங்க்கா." என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அவள் மேஜையை நான் பார்த்த பார்வை அது.

அப்போதுதான் கேட்டேன். சித்திரையில் அவர் போனதிலிருந்து தொண்டையில் நின்றதைக் கேட்டேன்.

"தண்ணி குடுத்தீங்களே. என்ன சொன்னாருங்க?"

"உங்களுக்குப் போன் போடச் சொன்னாரு. போட்டேன், நீங்க எடுக்கல. அப்பறம் மேல பாத்துட்டு, 'கண்ணு கூசுதுங்க, அந்த லைட்ட நிறுத்துங்க'ன்னாரு. ஓடிப் போயி நிறுத்தினேன். திரும்பி வந்தப்ப..." அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

போன் என் பையில் இருந்தது. ரேஷன் கடையில் ஒரே சத்தம்.

ஆக, அவளும் பக்கத்தில் இல்லை. சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறாள்.

ஜூலை 13, ஞாயிறு

லோகு வருகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மெயினை நிறுத்திவிட்டு ஸ்டூல் போட்டு ஏறிப் புது லைட்டுகளைக் கழற்றினேன். அலமாரிக்கு மேலிருந்து பையை இறக்கினேன். பழைய துளைகள் அப்படியே இருந்தன, பட்டி வைத்து அடைக்காமல். அவர் திருகின துளைக்குள்ளேயே ஸ்குரூ தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. உயரத்தை நான் அளக்க வேண்டியிருக்கவில்லை. ஒயரை நேராக ஓட்டலாம் என்று பார்த்தேன். அப்புறம் அவர் விட்ட வளைவிலேயே விட்டேன்.

ஒரு இணைப்பு மட்டும் எனக்குப் பயமாக இருந்தது. ஆபீசுக்கு இன்று லீவு என்று தெரிந்தும் போன் செய்தேன். சுகந்தி போனிலேயே சொல்லிக் கொடுத்தாள். "கறுப்பு ஒயரு எங்க இருக்கு? மொதல்ல டெஸ்டர் வெச்சுப் பாத்தீங்களா? மெயின் நிறுத்திட்டீங்கல்ல?" என்று மூன்று தடவை கேட்டாள். எந்த லைட், எதற்கு என்று கேட்கவில்லை. முடிந்ததும், "எரியுதாக்கா?" என்றாள்.

"எரியுதுங்க."

"சரிங்க்கா" என்றாள். ஆனாலும் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

நங்கையா வந்து மேலே பார்த்தாள். "என்ன, மறுபடியும் மாத்திட்டியா? பைத்தியமா உனக்கு?" என்றாள். ஆமாம் என்றேன். அவளுக்கு வெண்டைக்காய் பொரியல் வைக்கிறேன் என்று உட்காரச் சொன்னேன்.

திங்கட்கிழமை, கடையில் கோணலாகவே கொடுத்துவிட்ட ரவிக்கைகளைத் திரும்ப வாங்கி வந்து பிரித்துத் தைக்க வேண்டும். ஜரிகை அறைக்கு வரப் போகிற பெண்களில் நொட்டாங்கைக்காரி யாராவது இருக்கிறாளா என்று கேட்க வேண்டும். இருந்தால் அவளுக்கு மட்டும் தனியாக ஒரு லைட் வரைய வேண்டும்.

கடைசித் தண்ணீர் அவள் கொடுத்ததுதான். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அது போகும் என்று தோன்றவில்லை.

இன்று பார்த்த வெளிச்சம்: சமையல் மேடை, வலது பக்கம், அலமாரிக்குக் கீழே. வெண்டைக்காய் நறுக்கினேன். கை நிழல் காயின் மேல் விழவில்லை. சுவர்ப் பக்கமாகத் தள்ளிப் போய், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் விழுந்தது. ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகத் தெரிந்தது.